போர்ச்சுகலா, வியட்நாமா, இலங்கையா? வடசென்னையிலிருந்து கிளம்பும் கணவன் மனைவிக்கு ஓர் ஒப்பீடு

கல்யாணமான புதிதில் போக முடியாத வெளிநாட்டுப் பயணத்தை, பிள்ளைகள் காலேஜ் சேர்ந்த பிறகு போய்க்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருப்பவர்கள் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மண்ணடியிலோ பாரிமுனையிலோ ஒரு டிராவல்ஸில் ஏறிக் கேட்டால் துபாய், சிங்கப்பூர், பாலி என்று நோட்டீஸை எடுத்து நீட்டுவார்கள். அது வேண்டாம், பழைய ஊர் ஒன்றிரண்டு பார்க்கணும், கடலோரக் கிராமத்தில் நாலு நாள் தங்கி இருக்கணும், நாங்க ரெண்டு பேர் மட்டும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிக் கேட்டால் நம் கைக்கெட்டும் இடங்களில் மூன்றுதான் மிஞ்சுகின்றன: போர்ச்சுகல், மத்திய வியட்நாம், இலங்கை.

கடலோரத்திலேயே குடியிருக்கிறவர்களுக்கு இன்னொரு கடலோரம் எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நம் கரையின் நிலையே அதற்குப் பதில். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், கரையோரமாக வடக்கே நகரும் மணல் தெற்கே தேங்கி மெரினாவானது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஊரைத் தின்றது. அதைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டியில் போனால் கடல் கூடவே வருகிறது, ஆனால் பல இடங்களில் இறங்கிக் கால் நனைக்க வழியில்லை. கணவனும் மனைவியும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடக்க ஆசைப்பட்டால் அது நியாயமான ஆசை. இன்னொன்று, மீன் வாசனையில் வளர்ந்த நமக்கு நிஜ மீனவர் ஊர் எது, போட்டோவுக்கு ஜோடித்த ஊர் எது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். இந்த மூன்று நாடுகளையும் நான் எடைபோடுவது பெரும்பாலும் அந்தக் கண்ணோடுதான்.

முதலில் மாதம்

எங்கே என்பதற்கு முன்னால் எப்போது என்று முடிவு செய்யுங்கள். காசிமேட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்த முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வைத்திருப்பவர், ஏலம் எடுப்பவர், ஐஸ் போடுபவர் எல்லாருக்கும் ஊரைவிட்டுக் கிளம்ப மனசு வருவது அப்போதுதான். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் வேலைக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டால் பத்து நாள் ஒதுக்கலாம்.

அந்த இரண்டு மாதமும் மத்திய வியட்நாமில் மழை குறைவு, கடல் அடங்கிக் கிடக்கும். வெயில் உண்டு, ஆனால் நம் வெயில்தான். போர்ச்சுகலில் அது வசந்தம். மாலை வெகுநேரம் வெளிச்சம் இருக்கும், நடக்க நடக்கக் களைப்பு தெரியாது. இலங்கையின் தென்மேற்குக் கரை மட்டும் மே மாதம் தென்மேற்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். காலி, வெலிகம பக்கம் அலை உயர்ந்து கடல் கலங்கிவிடும். அதே நேரம் யாழ்ப்பாணமும் திருகோணமலையும் காய்ந்து வெளிச்சமாக இருக்கும். ஒரே தீவுக்குள் இப்படி இரண்டு பருவம் இருப்பதை மனத்தில் வைக்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

ஆபீஸ் லீவு, பள்ளி விடுமுறை என்று டிசம்பரையோ பொங்கலையோ பார்த்திருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். மத்திய வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்தில் அக்டோபரும் நவம்பரும் வெள்ளக் காலம், டிசம்பரிலும் மழை விடாது. அங்கே பழைய வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிய மட்டத்தை ஆண்டு போட்டுச் சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். 2015-ஐப் பார்த்த நமக்கு அந்தக் கோடுகளின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. போர்ச்சுகல் குளிரும் சாரலுமாக இருக்கும். இலங்கையின் தென்மேற்குக் கரைக்கோ டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம்.

பழைய நகரங்கள்

நகரம் மட்டும்தான் கணக்கு என்றால் போர்ச்சுகலே முதலிடம். லிஸ்பனில் 1755 நவம்பர் 1 அன்று, எல்லாப் புனிதர்கள் திருநாளில், சனங்கள் கோயிலில் நின்றுகொண்டிருந்தபோது பூகம்பம் வந்தது. பின்னாலேயே கடல் எழுந்தது, அதற்கும் பின்னால் தீ. இடிந்த நகரின் நடுப்பகுதியை அமைச்சர் பொம்பால் நேர்க்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டினார். அதுதான் பைஷா. அதை ஒட்டிய மேட்டில் ஆல்ஃபாமா பெரும்பாலும் தப்பிவிட்டது. அதனால் பத்து நிமிட நடையில் அளந்து போட்ட தெருவிலிருந்து, கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும் சந்துக்குள் வந்துவிடலாம். கூரை விழுந்த கார்மோ மடாலயத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஐ வாழ்ந்து பார்த்த கரைக்காரர்கள் அந்தக் கூரையில்லாத வளைவுகளுக்குக் கீழே நின்றால் சட்டென்று கிளம்ப மனசு வராது.

லிஸ்பனில் ஆற்றங்கரையை ஒட்டிய பெலேம் பகுதியில் ஜெரோனிமஸ் மடாலயத்துக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. 1497-ல் அந்த ஆற்றங்கரையிலிருந்து கிளம்பித்தான் 1498-ல் அவர் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். நம் கரையில் பின்னர் நடந்ததெல்லாம், பழவேற்காடு, சாந்தோம், புனித ஜார்ஜ் கோட்டை, கறுப்பர் நகரம் எல்லாம், அந்த ஒரு கப்பல் பாதையின் தொடர்ச்சி. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததைக் கல்லாகப் பார்க்கும்போது மனசு ஒரு நிலையில் நிற்காது. அந்த அனுபவத்துக்காகவே போகலாம். நாள் மிச்சமிருந்தால் ரோமானியக் கோயில் தூண்கள் நிற்கும் எவோரா, டோரோ ஆற்றின் மேல் 1886-ல் திறந்த இரும்புப் பாலம் நிற்கும் போர்ட்டோ. ஒன்று சொல்லிவிடுகிறேன்: லிஸ்பனும் போர்ட்டோவும் முழுக்க ஏற்றமும் இறக்கமும். முழங்கால் வலி இருந்தால் ஒரு நாளில் பாதி டிராமுக்கும் டாக்ஸிக்கும் போகும்.

வியட்நாமின் ஹுவே 1802 முதல் 1945 வரை ங்குயென் அரசர்களின் தலைநகரம். அகழியும் மதிலும் சூழ்ந்த கோட்டைக்குள் பாதி அழிந்து, பாதி திரும்ப எழுந்துகொண்டிருக்கிறது. 1968 போரில் அங்கே வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. ஹோய் ஆன் அதற்கு நேர்மாறு. பெரிய துறைமுகமாக இருந்து, ஆறு மண்மேடாகிக் கப்பல்கள் வேறிடம் போய்விட்டதால் அப்படியே நின்றுபோன வணிக ஊர். சீன வணிகர் சங்க மண்டபங்கள், ஜப்பானியர் பாலம், மஞ்சள் சுவர்கள். பழைய நகருக்குள் பெரும்பகுதி நேரம் மோட்டார் வண்டி விடமாட்டார்கள். தம்புசெட்டித் தெருவும் லிங்கிசெட்டித் தெருவும் ஒரு நாள் இப்படி நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகாதா என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது. நம் ஜார்ஜ் டவுனிலும் அந்த அளவுக்கு வரலாறு இருக்கிறது, தலையை நிமிர்த்திப் பார்க்கத்தான் இடமில்லை.

தமிழர்கள் வியட்நாமில் தவறவிடக் கூடாதது மீ சன். ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், அந்தக் கரையை முன்பு ஆண்ட சாம் இன மன்னர்கள் 4-ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கட்டிய சிவன் கோயில்கள். மூலவர் பெயர் பத்ரேஸ்வரர். செங்கல் செங்கலாக ஒட்டி நிற்கும் அந்தக் கோபுரங்களில் பலவற்றை 1969-ல் அமெரிக்கக் குண்டுகள் தகர்த்தன. குழிகள் இன்னும் அருகிலேயே தெரிகின்றன. ஆவுடையாரும் நந்தியும் பார்த்தவுடன் கைகள் தாமாகக் குவிகின்றன. அருகிலுள்ள தா நாங் நகரில் இருக்கும் சாம் சிற்ப அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இலங்கையின் காலிக் கோட்டையை முதலில் எழுப்பியவர்கள் போர்ச்சுகீசியர், பெரிதாக்கியவர்கள் 1640-ல் பிடித்த டச்சுக்காரர்கள். வாசலின் உட்புறம் டச்சுக் கம்பெனியின் முத்திரை, 1669 என்று ஆண்டு. மதில் மேலேயே சுற்றி நடக்கலாம். சுனாமியில் வெளியே ஊர் அழிந்தபோது உள்ளே இருந்த பழைய நகரை அந்த மதில் காத்தது. காலிக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போய் வாருங்கள். அதே டச்சுக் கம்பெனி 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை புதர் மண்டிக் கிடப்பதையும், எலும்புக்கூடு செதுக்கிய கல்லறை வாசலையும் பார்த்துவிட்டுக் காலிக்குப் போனால், பராமரிப்பு என்றால் என்னவென்று தெரியும்.

மீனவர் ஊர்கள்

என் கணக்கில் பயணம் வெல்வதும் தோற்பதும் இங்கேதான்.

போர்ச்சுகலின் நாசரே லிஸ்பனுக்கு வடக்கே 120 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஊருக்கு நேர் எதிரே கடலடியில் ஆழப் பள்ளத்தாக்கு ஒன்று கரைவரை வருகிறது. அட்லாண்டிக் அலை அதன் வழியாக வேகம் குறையாமல் வந்து, வடக்குக் கரையில் மலையாக எழும்புகிறது. 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் என்ற ஜெர்மானியர் அங்கே 26.21 மீட்டர் உயர அலையில் சறுக்கியது கின்னஸ் சாதனை. அந்த அலைகள் அக்டோபர் முதல் மார்ச் வரைதான், தடைக்காலத்தில் போனால் கிடைக்காது. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. நாசரேயில் நம் கண்ணை நிறுத்துவது வேறொன்று: கடற்கரை மணலில் வலைத்தட்டி வரிசையாக நிற்கிறது, மீனைப் பிளந்து விரித்து வெயிலில் காயவைக்கிறார்கள். வயதான அம்மாக்கள் அடுக்கடுக்கான பாவாடையும் தலையில் துணியுமாக உட்கார்ந்து விற்கிறார்கள். கருவாடு! அந்த வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு நகரும் வெளிநாட்டுக்காரர்கள் நடுவே, தட்டியின் பக்கத்தில் போய் நின்று உப்பு எவ்வளவு, எத்தனை வெயில் என்று சைகையில் கேட்பவர்கள் நம்மவர்களாகத்தான் இருப்பார்கள். அந்த அம்மாக்களின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் ஒன்று. 1980-களில் தனித் துறைமுகம் கட்டியதும் நாசரேயில் படகுகள் மணலைவிட்டுப் போய்விட்டன. காசிமேட்டுத் துறைமுகமும் அதே பத்தாண்டில் வந்ததுதான். இப்போது மணலில் நிற்கும் வண்ணப் படகுகள் பார்வைக்கு வைத்தவை. கோடையில் கரை முழுக்கச் சுற்றுலா. கருவாட்டுத் தட்டிகள் இருப்பதால் ஊர் இன்னும் மீனவர் ஊராக நிற்கிறது, அவ்வளவுதான்.

மத்திய வியட்நாமில் மணலும் தொழிலும் இன்னும் பிரியவில்லை. தா நாங் நகரக் கடற்கரையிலேயே, மான் தாய் பக்கம், பெரிய ஓட்டல்களின் நிழலில், விடியற்காலை மீனவர்கள் வட்டக் கூடைப் படகில் கரையேறுகிறார்கள். மூங்கிலைப் பின்னிப் பிசின் பூசிய படகு, நம் ஒகேனக்கல் பரிசல் கடலுக்கு வந்த மாதிரி. ஒற்றைத் துடுப்பை முன்னால் ஆட்டி ஆட்டி அலையைத் தாண்டுகிறார்கள். மணலிலேயே பெண்கள் மீனைப் பிரித்துப் பேரம் பேசி விற்கிறார்கள். பாஷை ஒன்றும் புரியாது, ஆனால் யார் ஏமாற்றப் பார்க்கிறார், யார் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மட்டும் முழுசாகப் புரியும். நகருக்கு வடக்கே நாம் ஓ என்ற ஊரில் நெத்திலியை உப்போடு சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைத்து மீன் சாறு வடிக்கிறார்கள். ஹோய் ஆனுக்கு அருகில் ஆன் பாங் கரையில் சின்னச் சின்னத் தங்கும் வீடுகள் உண்டு. நாலு நாள் சும்மா இருக்க நான் சொல்வது அந்த இடம். சைக்கிளில் பழைய நகருக்குப் போய் இரவு விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கூடைப் படகில் உட்காரவைத்து ஸ்பீக்கர் பாட்டோடு சுழற்றிக் காட்டும் தென்னந்தோப்புச் சவாரியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், காது வலிதான் மிச்சம். அதற்குப் பதில் குலாவ் சாம் தீவுக்கு ஒரு நாள் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று 2009-லேயே முடிவெடுத்த தீவு. எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தால் வயிறு எரியும், ஆசையும் வரும்.

இலங்கையில் இரண்டு கதை. வெலிகம, கொக்கல பக்கம் கடலில் கம்பு நட்டு அதன் மேல் உட்கார்ந்து தூண்டில் போடும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்று அங்கே பெரும்பாலும் படம் எடுக்கக் காசு வாங்கிக்கொண்டு உட்காருகிறார்கள். பிழைப்புக்கு வழி வேண்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீர்கொழும்பு அப்படியல்ல. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர்தான். ஏலம், பாய் விரித்துக் கருவாடு காயும் கரை, டச்சுக் கால்வாய், ஒவ்வொரு முக்குக்கும் ஒரு மாதா கெபி என்று இறங்கியதுமே காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் சொந்தக்கார ஊர் என்று தோன்றிவிடும். தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. யாழ்ப்பாணம் போனால் பருத்தித்துறைக் கரையும் நெடுந்தீவும் ஊர்காவற்றுறையும் இருக்கின்றன. அங்கே நீங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும் பேச்சு இழுவைமடிப் படகுகள் பக்கம் திரும்பலாம். கடலடியைச் சுரண்டும் அந்த முறையை இலங்கை 2017-ல் தடை செய்தது, அந்தக் கரையின் வலி பெரிது. வாதாடாமல் கேளுங்கள். ஒரே மொழியில் அதைக் கேட்கக் கிடைப்பது வேறெந்த நாட்டுப் பயணத்திலும் கிடைக்காது.

சாப்பாடு

இலங்கையில் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் ஒரு கிண்ணம் குடித்தால் போதும், வந்த செலவு சரி. போர்ச்சுகலில் மத்தி மீனை உப்பு மட்டும் போட்டுக் கரியில் சுடுகிறார்கள். ஜூன் 12 இரவு புனித அந்தோனியார் விழாவுக்கு லிஸ்பன் சந்தெல்லாம் அந்தப் புகைதான். காரம் இல்லாமல் நான்காம் நாள் நாக்கு கேட்கும், ஒரு டப்பா ஊறுகாய் எடுத்துப் போங்கள். பலர் பயப்படுவது வியட்நாமுக்குத்தான். பர்மா பஜார் பக்கம் நின்று பர்மிய நூடுல்ஸான அத்தோவும் மொய்ங்காவும் சாப்பிட்டு வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்கு நூடுல்ஸ், மீன் சாறு, வறுத்த வெங்காயம், பச்சை இலை எல்லாம் தெரிந்த ருசி. ஹோய் ஆனின் காவ் லாவ் என்ற நூடுல்ஸ் முதல் வாயிலேயே பிடித்துவிடும். வீட்டில் ஒருவர் சைவம் என்றால் 'சாய்' என்று பலகை போட்ட கடைகளைப் பாருங்கள். பௌத்த ஊரான ஹுவேயில் அவை நிறைய.

விசா, வழி, காசு

வியட்நாம் இ-விசா ஆளுக்கு 25 டாலர், ஆன்லைனிலேயே முடிந்துவிடும். சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக தா நாங்கில் இறங்கினால் ஹுவே 100 கிலோமீட்டர், ஹோய் ஆன் 30 கிலோமீட்டர். பெட்டியைத் தூக்கும் வேலை குறைவு. ஹுவேயிலிருந்து தா நாங் வரும் ரயில் ஹாய் வான் மலையடிவாரத்தில் கடலை ஒட்டியே வளைந்து வருகிறது. அதற்காகவே காரை விட்டு ரயிலில் ஏறுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். தங்குவதும் தின்பதும் கையைக் கடிக்காது.

இலங்கைக்குக் கொழும்பு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் விமானம் உண்டு. காலி, யாழ்ப்பாணம் இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்காதீர்கள். நடுவில் 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

போர்ச்சுகலுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. ஆளுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வேண்டும். காசாகவே புரளும் தொழிலில் இருப்பவர்கள் இதில்தான் திணறுகிறார்கள். போக நினைத்தால் வரவு செலவை இப்போதிருந்தே பேங்க் வழியாக நடத்துங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனு போடலாம். பதினைந்து நாளில் வரலாம், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். சென்னையிலிருந்து லிஸ்பனுக்கு நேர் விமானம் கிடையாது, வளைகுடா வழியாகப் போக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கழித்தால் பன்னிரண்டு இரவுக்குக் குறைந்து போவதில் பொருளில்லை.

மலேசியாவின் பினாங்கைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். அங்குள்ள ஜார்ஜ் டவுன் அருமையான ஊர், தமிழும் செல்லும். ஆனால் பழைய நகரத்துக்குத்தான் அது, கரையோர வாழ்க்கையைத் தேடிப் போகிறவர்களுக்கு அல்ல.

என் முடிவு

வாழ்நாளில் ஒரே ஒரு தூரப் பயணம்தான், இரண்டு வாரமும் பணமும் கையில் இருக்கிறது என்றால் போர்ச்சுகல், மே மாதம், நாசரேயில் குறைந்தது மூன்று இரவு. முதல் வெளிநாடு, டிசம்பர் விடுமுறை, ஐந்தாறு நாள்தான் என்றால் நீர்கொழும்பும் காலியும். அதே ஐந்தாறு நாள் தடைக்காலத்தில் கிடைத்தால் யாழ்ப்பாணம்.

மற்ற எல்லாருக்கும், முக்கியமாகக் காசிமேட்டுக் குடும்பங்களுக்கு, நான் தயங்காமல் சொல்வது மத்திய வியட்நாம். பழைய நகரம், சிவன் கோயில், தொழில் நடக்கும் மணல் மூன்றும் அங்கே ஒரு மணி, இரண்டு மணி தூரத்துக்குள் அடங்குகின்றன. கணவன் மனைவி ஒருவரோடொருவர் பேச நேரம் மிஞ்சுவது அதனால்தான். ஹுவேயில் இரண்டு இரவு, ஹோய் ஆனில் இரண்டு, ஆன் பாங் கரையில் நாலு. ஏப்ரல் 30-உம் மே 1-உம் அந்த நாட்டுக்கே விடுமுறை, ஓட்டல் விலை ஏறி ரயிலில் இடம் கிடைக்காது. அந்த வாரத்தை விட்டு, மே முதல் வாரம் கழிந்தபின் தேதி போடுங்கள்.